சித்தி தேர்ந்தெடுத்த முகம்

அம்மா இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, ஒரு திங்கட்கிழமை காலை, அம்மாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. “உங்கள் வருகை பதிவாகிவிட்டது. இன்றைய நாள் இனிதாக அமையட்டும்.”

அந்தப் போன் என்னிடம்தான் இருந்தது. பள்ளி முடித்துவிட்டு, மேலே படிப்பதா வேலைக்குப் போவதா என்று ஒரு முடிவுக்கும் வராமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்த காலம் அது. என் போன் விழுந்து உடைந்ததால் அப்பா அம்மாவுடையதை எடுத்துக் கொடுத்தார். எண்ணை மட்டும் மாற்ற வேண்டாம் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

செய்தியை அனுப்பியது அம்மா வேலை பார்த்த சலவைக்கூடத்தின் வருகைப்பதிவு மெஷின். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், டாக்டர்களின் பச்சை அங்கிகள் எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கேதான் வெளுக்க வரும். வாசலில் ஒரு மெஷின் இருக்கிறது. அதன் முன்னால் முகத்தைக் காட்டினால் நம்முடைய படம் திரையில் தோன்றும், கதவு திறக்கும், நம் போனுக்குச் செய்தி போகும். முன்பு விரல்ரேகைதான் வைத்தார்கள். ஆனால் சலவைக் காரத்திலும் சூட்டிலும் துணியைப் பிடித்துப் பிடித்து அங்கே பாதிப் பேருக்கு விரலில் ரேகையே இல்லை. அதனால் முகத்துக்கு மாறினார்கள்.

மெஷின் ஏதோ பழைய செய்தியைத் துப்பியிருக்கிறது என்று விட்டுவிட்டேன். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோளாறினால் வருகிற செய்திக்கு விடுமுறை நாள் தெரியாது.

அப்பாவிடம் காட்டினேன். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். “கம்பெனிக்காரங்க தப்பு. உன் சித்திகிட்டக் கேளு” என்றார். அதற்கப்புறம் காலையில் அந்த நேரத்துக்கு அவர் என் பக்கமே வரவில்லை.

சித்தி அம்மாவுக்கு நேர் தங்கை. அதே சலவைக்கூடத்தில், அதே ஸ்டீம் பிரஸ்ஸில் வேலை. அம்மாதான் சொல்லி அவளைச் சேர்த்துவிட்டாள். பிரஸ் என்றால் கையில் பிடிக்கிற இஸ்திரிப்பெட்டி இல்லை. ஓர் அறையின் நீளத்துக்குச் சூடான உருளை சுழன்றுகொண்டிருக்கும். ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் இரண்டு பேர் இழுத்துப் பிடித்து அதற்குள் விட வேண்டும். இடது முனை அம்மா, வலது முனை சித்தி. இருவரும் ஒரே இழுப்பில் இழுத்தால்தான் மடிப்பு விழாது. கூடத்தில் அம்மாவுக்குப் பெயர் பெரிய பிரஸ். சித்தி சின்ன பிரஸ். அம்மா போன பிறகு சித்தி இடது முனைக்கு மாறினாள். வலது முனைக்கு மடிக்கும் மேசையிலிருந்து வேறொரு பெண் வந்தாள். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

அடுத்த ஞாயிறு மாலை சித்தி வீட்டுக்குப் போனேன். அடுத்த தெருவில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிறது. சித்தப்பா தையல் மெஷின் பழுது பார்ப்பவர். வீட்டு முன்னறையில் ஒரு மெஷினைக் குடல் உருவிப் போட்டிருந்தார். குளியலறைக் கண்ணாடி சுவரில் இல்லை. சுவரைப் பார்த்தபடி தரையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

“என்ன சித்தப்பா, கண்ணாடி உடைஞ்சிடுச்சா?”

“உடையல. உங்க சித்திதான் கழட்டச் சொன்னா. ரெண்டு வாரமா நான் கண்ணாடி இல்லாம ஷேவ் பண்றேன். பாரு, ஒரு பக்கம் மீசை ஏறி நிக்குது.”

“ஏறி நின்னா என்ன, எறங்கி நின்னா என்ன, உங்கள யாரு பார்க்கப் போறா?” என்று சமையலறையிலிருந்து சித்தி குரல் கொடுத்தாள். பிறகு வெளியே வந்தாள்.

அவளை நான் ஒரு மாதமாகப் பார்க்கவில்லை. பார்த்ததும் என் கால் தானாகப் பின்னால் போனது. இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே தொடங்கி வாய் ஓரம் வரை மங்கு படர்ந்திருந்தது. தேயிலைத் தண்ணீர் சிந்திக் காய்ந்த மாதிரி நிறம். ஓரத்தில் ஒரு சின்ன வளைவு. அந்த வளைவு எனக்கு மனப்பாடம். சின்ன வயதில் அம்மா மடியில் படுத்துக்கொண்டு அதை விரலால் கோடு இழுத்திருக்கிறேன்.

போனை நீட்டினேன். அவள் படிக்கவே இல்லை. “தெரியும்” என்றாள். “நான் போய் நிக்கிறேன். அவ வர்றா.”

“யாரு?”

“உங்கம்மா. மெஷின்ல என் படம் வர்றதில்ல. அக்கா படம் வருது. கதவு தெறக்குது. நான் உள்ள போறேன். ஆனா கணக்குல நான் லீவு. அக்காதான் வேலைக்கு வந்திருக்கா.”

சித்தப்பா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். “எங்கிட்ட ஏண்டி சொல்லல?”

“சொன்னா நீங்க சிரிப்பீங்க.”

சித்தப்பா சிரிக்கவில்லை.

சூப்பர்வைசர் முதலில் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டாராம். பழைய பதிவை அழிக்காமல் விட்டது அவர்கள் தவறுதான். சித்தியின் பழைய பதிவை நீக்கிவிட்டு, அவள் முகத்தைப் புதிதாகப் பதியப் பார்த்தார். ‘இந்த முகம் ஏற்கெனவே பதிவில் உள்ளது’ என்று மெஷின் மறுத்துவிட்டது. தலைமை அலுவலகம் கேள்வி கேட்க ஆரம்பித்தது. இறந்தவர் வேலைக்கு வருகிறார், உயிரோடு இருப்பவர் வருவதில்லை, என்ன நடக்கிறது அங்கே என்று. அடுத்த மாதக் கடைசிக்குள் இரண்டில் ஒன்று நடக்க வேண்டும் என்றார்கள். அம்மாவின் பதிவை அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் சித்தியைச் சித்தி என்று மெஷின் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சித்தி வேலையைவிட்டு நின்றதாகவே கணக்கு.

“ஒரு பட்டன்தான்மா, அழிச்சிடறேன்” என்று சூப்பர்வைசர் கை வைக்கப் போனபோது சித்தி அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

“ஏன் சித்தி?” என்று கேட்டேன்.

“உங்கம்மா நேரா நின்னு எடுத்த படம் வேற எங்கடி இருக்கு? என் கல்யாணப் படத்துலகூட கன்னத்தைத் திருப்பிக்கிட்டு நிப்பா. மங்கு தெரியக்கூடாதாம். அந்த மெஷின்காரன் மட்டும்தான் அவள நேராப் பார்க்க வச்சான்.”

“அதை போன்ல ஒரு படம் எடுத்து வச்சுக்கலாமே.”

“படம் எடுத்தா அது படம். இது அப்படியில்ல. நான் போய் நின்னாத்தான் வர்றா. ஒருதரம் போனவள நானே இன்னொருதரம் அனுப்பச் சொல்றியா?” சித்தி முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டாள். “அவ பாட்டுக்கு உள்ள இருக்கட்டும். எம் மேல வந்து உட்காராம இருந்தாப் போதும்.”

சூப்பர்வைசருக்கு எரிச்சல். “அப்போ நீங்கதான்மா மாறணும். வேற மூஞ்சியோட வாங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அவர் கோபத்தில் சொன்னது. சித்தி அதையே ஒரு தீர்வாக எடுத்துக்கொண்டாள்.

சலவைக்கூடத்தில் வேலை செய்பவர்களுக்குக் கறை என்பது ஒரு தனி உலகம். ரத்தம் என்றால் பச்சைத் தண்ணீர். மருந்து என்றால் வேறு. எண்ணெய் என்றால் இன்னொன்று. எந்தக் கறையைப் பார்த்தாலும் அவர்களுக்குக் கை பரபரக்கும். சித்தி தன் கன்னத்தையும் ஒரு விரிப்பாக நினைத்துவிட்டாள். கீழே மருந்துக்கடையில் மணல் மணலாகப் பொடி கலந்த ஸ்க்ரப் ஒன்றை வாங்கி, காலையும் மாலையும் தேய்த்தாள். துணியைத் தேய்க்கிற கை அது. நாலு நாளில் கன்னம் சிவந்து, தொட்டால் எரிந்து, பிறகு மங்கு முன்னைவிடக் கறுத்தது. காலையில் செய்தி தவறாமல் வந்தது.

அந்த வாரக் கடைசியில் நான் அவளைத் தோல் டாக்டரிடம் அழைத்துப்போனேன். காத்திருக்கும் அறையில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. தோலைக் குறுக்காக வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிற படம். மேலே சருகு மாதிரி அடுக்குகள். அதைப் பார்த்துக்கொண்டே சித்தி என் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

டாக்டர் நடுவயதுப் பெண். விளக்கை இழுத்து வைத்து, கண்ணாடி வில்லை வழியாகக் கன்னத்தைப் பார்த்தார்.

“என்னம்மா, கல்லு வச்சுத் தேய்ச்சீங்களா?”

“மேல இருக்கிறதை எடுத்துட்டா அடியில இருக்கிறது வந்துடும்னு…”

“மேல இருக்கிறது எல்லாமே செத்த தோல்தான். அதைச் சொல்றீங்க, சரி. சின்ன வயசுல அது தானா உதிரும். நம்ம வயசுல மெதுவா உதிரும். அதனால முகம் மங்கலா, சொரசொரப்பா தெரியும். அதை எடுக்கிறதுக்கு வழி இருக்கு. ஆனா இந்த வயசுல தோல் மெல்லிசு. முரட்டுத்தனமா தேய்ச்சா காயம். காயம் பட்டா நம்ம நிறத்துத் தோல் கறுத்துத்தான் பதில் சொல்லும்.”

‘செத்த தோல்’ என்றதும் சித்தி நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப நான் எல்லாருக்கும் காட்டிட்டிருக்கிறது செத்ததைத்தானா?”

“எல்லாரும் அப்படித்தான்” என்று டாக்டர் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை.

என்னென்ன செய்யலாம் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பாலில் இருக்கிற அமிலத்தைப் போன்ற லேசான ஒன்றைப் பூசி, கொஞ்ச நேரத்தில் கழுவிவிடுவது. அது மேல்தோலை மட்டும் தளர்த்தும். வறண்ட, வயதான தோலுக்கு ஒத்துக்கொள்ளும். கரும்பில் கிடைக்கிற அமிலம் அதைவிடக் கொஞ்சம் உள்ளே போகும். இன்னும் பலமானவை தோலை நன்றாகவே உரித்துவிடும். அதற்கும் மேலே லேசர். ஒளியால் மேல்தோலைச் சுட்டு எடுத்துப் புதுத்தோல் வரவைப்பது. சுருக்கங்கள் குறையும். ஆனால் மங்கு உள்ளவர்களுக்குச் சூடு எதிரி. சரியாகச் செய்யாவிட்டால் கறுப்பு இரட்டிப்பாகும், அல்லது வெள்ளைத் திட்டாக நின்றுவிடும்.

“எது சீக்கிரம்?” என்றாள் சித்தி.

“லேசர் சீக்கிரம். ஆனா அதை உங்களுக்கு இப்போ செய்ய மாட்டேன்.”

“எது பலம்?”

“அம்மா, நீங்க பலத்தைத் தேடாதீங்க. உங்க தோல் எதைத் தாங்கும்னு தேடுங்க. என்ன வேலை பார்க்கிறீங்க?”

சித்தி பிரஸ்ஸைப் பற்றிச் சொன்னாள். இடது முனையில் நீராவி வெளியேறுகிற வால்வு இருப்பதையும், அது இடது கன்னத்தில் நாள் முழுக்க அடிப்பதையும் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடிவைத்தார்.

“உங்களுக்கு முன்னாடி அங்க நின்னது யாரு?”

“எங்கக்கா.”

“அவங்களுக்கும் இதே எடத்துலயா?”

சித்தி தலையாட்டினாள். அந்தப் பிரஸ் ஒரே இடத்தில் நின்ற இரண்டு பேருக்கு ஒரே அச்சைக் குத்தியிருக்கிறது. இது ஒரு காரணம்தான். காரணம் தெரிந்தால் பயம் போகும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை.

கடைசியில் லேசான அமிலம் என்று முடிவானது. முதலில் கொஞ்ச நாள் தோலைத் தயார்படுத்த ஒரு களிம்பு. வெயிலுக்கு முன் பூச சன்ஸ்கிரீன். காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்துச் சோதித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அந்த நாட்கள் கழிந்து மறுபடி போனபோதுதான் முகத்தில் பூசினார்கள். “எரியுதா?” என்று டாக்டர் கேட்டபோது, சித்தி கண்ணை மூடிக்கொண்டே, “யாரோ விரலால தடவுற மாதிரி இருக்கு” என்றாள்.

புறப்படும்போது டாக்டர் ஒன்றே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். உரியும், பிய்க்கக்கூடாது. சூட்டுப் பக்கம் போகவே கூடாது.

சூப்பர்வைசர் அவளை மடிக்கும் மேசைக்கு மாற்றினார். சில நாளில் கன்னம் உரியத் தொடங்கியது. வெங்காயச் சருகைவிட மெல்லியதாக, ஓரம் சுருண்டு. அடியில் வெளிறிய, பளபளப்பான தோல். அன்று காலை செய்தி வரவில்லை. சித்தியின் போனுக்கும் வரவில்லை. அவளை யாரென்று மெஷினுக்குத் தெரியவில்லை. ‘பதிவில் இல்லாத முகம்’ என்று மட்டும் காட்டியதாம். உரிந்து முடியட்டும், அப்புறம் பதியலாம் என்று சூப்பர்வைசர் சாவியால் கதவைத் திறந்துவிட்டார்.

“நல்லதுதானே சித்தி? பாதி தூரம் வந்தாச்சு.”

“நல்லதுதான்” என்றாள். “ஆனா வாசல்ல நின்னுக்கிட்டு, நான் யாருமில்லன்னு கேக்கிறது ஒரு மாதிரியா இருந்துச்சு.”

அந்தச் செய்தி வராத காலைகளில் நானும் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். வரக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் கீழே வைக்கவில்லை.

அப்புறம் சித்தி ஒரு தவறு செய்தாள். பிரஸ்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. அவளுக்குப் பதிலாக இடது முனைக்கு வந்த புதுப்பெண், விரிப்பை ரேடியோவோடு சேர்ந்து இழுக்கத் தெரியாமல் மடிப்பு மடிப்பாக உள்ளே விட்டாள். மடிக்கும் மேசைக்கு அந்த விரிப்புகள்தான் வந்தன. சித்தி பொறுத்துப் பார்த்தாள். ஒரு விரிப்பின் நடுவில் நீளமாக ஒரு மடிப்பு, சூட்டில் அப்படியே இறுகி நின்றது. அதன்மேல் ஒரு நோயாளி படுக்கப்போகிறார். அவளால் முடியவில்லை.

“தள்ளு, காட்டறேன்” என்று இடது முனையில் போய் நின்றாள்.

“சின்ன பிரஸ், வேணாம், டாக்டரம்மா திட்டுவாங்க” என்று ரேடியோ கத்தியிருக்கிறாள்.

“ரெண்டே ரெண்டு விரிப்புடி. மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிறேன்.”

முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாலும் நீராவி சும்மா இருக்குமா? இரண்டு விரிப்பு மதியச் சாப்பாடு வரை நீண்டது. பிறகு ரேடியோ என்னிடம் வந்து அதைச் சொன்னபோது, எப்போதும் போல வேகமாகப் பேசவில்லை.

“நான் சொன்னா நம்புவியா? அன்னிக்கு அவங்க இழுத்த இழுப்பு சின்ன பிரஸ் இழுப்பு இல்ல. நான் இங்க வேலைக்கு வந்த புதுசுல, சின்ன பிரஸ் லீவு போட்டப்ப, பெரிய பிரஸ்கூட ஒரு வாரம் நின்னிருக்கேன். உங்கம்மா இழுக்கிறதுக்கு முன்னாடி மூக்கால ஒரு மூச்சு விடுவாங்க. அந்த மூச்சு கேட்டுச்சு.”

மங்கு திரும்பி வந்தது. முன்பு தேயிலை நிறம். இப்போது அதைவிட ஆழம். ஓரத்து வளைவு பேனாவால் வரைந்தது போலத் தெளிவாக இருந்தது. மறுநாள் காலை என் கையில் போன் அதிர்ந்தது. நான் பார்க்காமலே தெரிந்துகொண்டேன்.

மாதக் கடைசி நெருங்கியிருந்தது. சித்தி என்னை இழுத்துக்கொண்டு மறுபடி டாக்டரிடம் போனாள். இந்த முறை உட்காரவே இல்லை.

“லேசர் பண்ணிடுங்கம்மா. வெள்ளைத் திட்டு விழுந்தாலும் பரவாயில்ல. அது என் திட்டு.”

டாக்டர் திட்டினார். நியாயமான திட்டு. பிறகு அவளை நாற்காலியில் உட்காரவைத்து, “சரி, இதெல்லாம் ஆறின பிறகு, மேல்தோலை முழுக்கப் புதுசாக்குற சிகிச்சை செஞ்சா எப்படி வரும்னு காட்டறேன். அவசரப்படாம பாருங்க” என்றார். சித்தியை நேராக ஒரு படம் எடுத்து, கம்ப்யூட்டர் திரையில் போட்டார். படத்துக்குக் கீழே ஒரு கோடு இருந்தது. அதன் நடுவில் ஒரு சின்ன உருண்டை. “இது ஒரு கணிப்புதான். இப்படியே வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

உருண்டையை இடது பக்கமாக நகர்த்தினார். திரையில் மங்கு கரைந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கம் இழுபட்டு மறைந்தது. வாயோரக் கோடுகள் நிரம்பின. கன்னம் மேலே ஏறியது.

நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். திரையில் இருந்தது அம்மா. நோய்க்கு முன்னால், நான் பள்ளிக்குக் கிளம்பும்போது பார்த்துக்கொண்டு நின்ற அம்மா. மங்குகூட இல்லாமல், நேராக எங்களைப் பார்த்துக்கொண்டு.

“நல்லா வருது பாருங்க” என்றார் டாக்டர். அவருக்கு எதுவும் தெரியாது.

சித்தியின் குரல் மிகவும் மெதுவாக வந்தது. “சின்ன வயசுல எங்க ரெண்டு பேரையும் யாரும் பிரிச்சுப் பார்க்க முடியாது. எங்கப்பாவே பேர மாத்திக் கூப்பிடுவாரு. பின்னாடி போனா அவகிட்டத்தான் போய்ச் சேருவேன் போல.”

பிறகு அவள் கேட்டாள்: “அம்மா, அந்த உருண்டையை இந்தப் பக்கம் நகர்த்த முடியுமா?”

“எந்தப் பக்கம்?”

“வயசாகிற பக்கம்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். இப்படி ஒருவர் கேட்டு அவர் பார்த்ததில்லை என்று தெரிந்தது. உருண்டையை வலது பக்கமாக மெல்ல நகர்த்தினார். அம்மா போனாள். இப்போதைய சித்தி வந்தாள். சித்தியும் போனாள். இமை தளர்ந்தது. நெற்றியில் கோடுகள் இறங்கின. கன்னம் தாழ்ந்து தாடையோடு சேர்ந்தது. கழுத்துத் தோல் தொங்கியது. மூக்கு கொஞ்சம் நீண்ட மாதிரி இருந்தது. ஒரு கிழவி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை எனக்குத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்குமே அவளைத் தெரியாது. பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

“இது யாரு?” என்றேன், முட்டாள்தனமாக.

“நான்” என்றாள் சித்தி. திரைக்குக் கிட்டே போனாள். தொட்டுப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “அக்காவுக்கு இந்த முகம் வரவே இல்ல. அந்த மெஷின்ல இருக்கிற படம் எடுத்தப்ப அவளுக்கு என்ன வயசோ, அந்த வயசுலதான் இப்ப நான் நிக்கிறேன். அவ அங்கயே நின்னுட்டா. இனிமே வர்ற சுருக்கம் ஒவ்வொண்ணும் எனக்கு மட்டும்தான் வரும்.”

லேசர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கரும்பு அமிலமும் வேண்டாம். கன்னம் ஆறும் வரை களிம்பு, ஆறிய பிறகு, தோல் சொரசொரப்பாகும்போது மட்டும் அந்த லேசான பால் அமிலம், தினமும் சன்ஸ்கிரீன், பிரஸ் பக்கம் இனி போவதில்லை. “மங்கு குறையட்டும், குறையாம போகட்டும். சுருக்கத்துல மட்டும் கை வைக்காதீங்க” என்றாள்.

“எல்லாரும் அதை எடுக்கத்தானே எங்கிட்ட வர்றாங்க” என்றார் டாக்டர். கிண்டலாகச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த முகத்தை, அன்றுதான் திரும்பாமல் பார்த்தாள். மெஷின் விஷயம் இன்னும் அப்படியே இருந்தது. முகம் கிழடாகிற வரை தலைமை அலுவலகம் காத்திருக்காது.

“நீ சொல்லு” என்றாள் திடீரென்று. “அவ எனக்கு அக்காதான். உனக்கு அம்மா. அழிக்கச் சொன்னா அழிக்கச் சொல்றேன். வேணாம்னா நான் வேலையை விட்டுடறேன். சித்தப்பாகூட உட்கார்ந்து தையல் மெஷினுக்கு எண்ணெய் போடறேன்.”

அம்மா தினமும் காலையில் எங்கேயோ போய்ச் சேர்கிறாள் என்பது எனக்குப் பயமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. இரண்டையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தக் கிழவியின் முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டில் யாராவது ஒருவராவது அந்த இடம் வரைக்கும் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

“அழிச்சிடச் சொல்லுங்க சித்தி. எனக்கு அந்தக் கெழவி வேணும்.”

அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலித்தது.

மறுநாள் காலை நானும் சலவைக்கூடத்துக்குப் போனேன். ஈரத்துணியும் சோடாவும் கலந்த வாசனை தெருமுனையிலேயே வந்தது. சூப்பர்வைசர் சாவியைப் போட்டு மெஷினைத் திறந்து, திரையில் எதையெல்லாமோ தொட்டார். அம்மாவின் படம் வந்தது. நேராகப் பார்த்த அம்மா. ‘நீக்கவா?’ என்று கீழே கேட்டது. சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் பார்த்தார். சித்தியே அழுத்தினாள். ரேகை தேய்ந்து, காய்த்துத் தடித்த விரல் என்பதால் திரை முதலில் ஏற்கவில்லை. இரண்டாம் தடவை அழுத்த வேண்டியிருந்தது. படம் போய், சாம்பல் நிறத்தில் ஒரு வெறும் தலை மட்டும் நின்றது.

“இப்போ நில்லுங்கம்மா. புதுசாப் பதிஞ்சிடலாம். நேராப் பாருங்க, கன்னத்தை மறைக்காதீங்க.”

சித்தி முந்தானையை இறக்கிவிட்டு நின்றாள். மங்கு முழுசாகத் தெரிந்தது. முகத்தைத் தேடும்போது அந்தத் திரையில் ஒரு பச்சைச் சட்டம் வரும். முகம் கிடைத்ததும் அதைச் சுற்றி நிற்கும். அன்று அந்தச் சட்டம் சித்தியின் முகத்துக்கு வரவில்லை. அவளுடைய இடது தோளுக்குப் பக்கத்தில், யாருமே இல்லாத இடத்தில், ஆள் உயரத்தில் போய் நின்றது. நின்று லேசாக நடுங்கியது. முகம் கிடைத்தால் எப்படி நிற்குமோ அப்படி.

சூப்பர்வைசர் திரையைத் தட்டினார். “லைட்டு ஏதோ அடிக்குது போல” என்றார். அவர் குரல் சரியாக இல்லை. நான் நின்ற இடத்திலிருந்து அந்த இடம் நன்றாகத் தெரிந்தது. வெள்ளைச் சுவர்தான். வேறு ஒன்றுமில்லை.

சித்தி பயப்படவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையை நேராகப் பார்த்தபடியே, பிரஸ்ஸில் நின்று பேசுகிற சாதாரணக் குரலில், “அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோ” என்றாள்.

பச்சைச் சட்டம் மெல்ல நகர்ந்து அவள் முகத்தின் மேல் வந்து நின்றது. மெஷின் படம் எடுத்தது. கதவு திறந்தது.